கேனோப்பி: கவிகையும் கவிகைப் பரணும்

காட்டு ஆராய்ச்சி பத்தி எதப் படிச்சாலும் கேனோப்பின்னு ஒரு வார்த்தை வரும், மரங்களோட உச்சிக் கிளைங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு கூரை வேய்ஞ்ச மாதிரி நிக்குற மேல் அடுக்குதான் அது. மூலம் கிரேக்கம். கோனோப்ஸ்னா கொசு, கோனோப்பியோன்னா கொசுவலை கட்டுன கட்டில், அது லத்தீன் பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போயி, தலைக்கு மேல விரிக்குற துணிக்கெல்லாம் பேராகி, அப்புறம் காட்டுக்கும் வந்துடுச்சு.

தமிழ்ல நெறைய பேரு விதானம்னு எழுதுறாங்க, அது வடசொல். நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் கோயில்ல சாமிக்கு மேல கட்டுற துணிக்கு மேற்கட்டின்னு பேரு, அழகான சொல்லு, ஆனா கட்டுறதுன்னாலே மனுஷன் கை வந்துடுதே, காடு தானா வளந்தது. எனக்குப் புடிச்சது கவிகை. மேகம் கவிஞ்சிருக்கு, இருட்டு கவிஞ்சிடுச்சுன்னு இன்னிக்கும் பேசுறோம்ல, அதே கவி. 389வது குறள்ல "கவிகைக்கீழ்த் தங்கும் உலகு"ன்னு வள்ளுவர் ராஜாவோட குடைய சொல்றாரு. மேல விரிஞ்சு கீழ உள்ள உசுருக்கெல்லாம் நிழல் குடுக்குறது, காட்டுக்கும் அப்படியே பொருந்துது.

1982ல டெர்ரி எர்வின்னு ஒரு அமெரிக்கப் பூச்சி ஆராய்ச்சியாளர், பனாமாவுல ஒரே வகை மரத்தோட உச்சிக்குப் பூச்சிமருந்து புகை அடிச்சு, விழுந்த வண்டுங்கள வச்சு வெப்பமண்டலத்துல கணுக்காலி, அதாவது பூச்சி, சிலந்தி மாதிரி கால்ல கணு உள்ள உசுருங்க மட்டும் 3 கோடி வகை இருக்கலாம்னு கணக்கு போட்டாரு. பின்னாடி வந்தவங்க அத ரொம்பவே குறைச்சாங்க, ஆனாலும் கவிகையில என்னதான் இருக்குங்குற கேள்வி பெருசாச்சு.

மேலயே உக்காந்து பாக்க மரத்தாலயே மேடை கட்டுறாங்களே, அதுக்குப் புதுப்பேரு தேட வேணாம். குறிஞ்சிப்பாட்டுல "மரமிசைச் சேணோன் இழைத்த புலியஞ்சு இதணம்"னு வருது, தினைக்காவலுக்கு மரத்து மேல கட்டுனது. இதணம் வழக்குல இல்ல, பரண் இருக்கு. அதனால கவிகைப் பரண்.

காடு தாங்குற மாதிரி கட்டணும்னா நிக்குற மரத்துல ஆணி அடிக்கக் கூடாது. காஞ்ச மரத்தோட எடையில பாதி கிட்ட கார்பன், கட்டடம் நிக்குற வரைக்கும் அது காத்துக்குப் போகாம உள்ளயே இருக்கும், ஆனா வெட்டுன எடத்துல திரும்ப மரம் வளத்தாதான் அந்தக் கணக்கு நிக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுல இன்னும் கவனம் வேணும், சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டிருக்குற மூச்சுவேர் மேல காங்கிரீட் கொட்டுனா அந்த மரமே செத்துடும், அங்கெல்லாம் ஒல்லிக்கால் வச்ச மரப்பாதைதான் சரி. பந்தலுக்கு நடுற சவுக்குக் கால் ஈரமண்ணுல சீக்கிரம் உளுத்துடும், வைரம் பாஞ்ச தேக்கு தாங்கும்.

உச்சியோட உச்சியா நடக்குற தொங்குபாலத்துக்கு கவிகை நடைன்னு வச்சுக்கலாம்.