502 கி.மீ. என்ற கார் ஏன் 400 காட்டுகிறது?

பெங்களூருவில் எலக்ட்ரிக் கார் வாங்கிய நம்மவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி இது: “விளம்பரத்தில் 500 போட்டிருந்தான், ஃபுல் சார்ஜ் ஏற்றினாலும் டேஷ்போர்டில் 400-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, பேட்டரி கோளாறா?” பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. விளம்பரத்தில் வருவது அரசு விதிப்படி ஆய்வுக்கூடத்தில் அளந்த எண். டேஷ்போர்டில் வருவது நீங்கள் ஓட்டிய விதத்தைப் பார்த்து கார் போடும் கணிப்பு.

முதலில் விதி. எந்த கார் மாடலும் விற்பனைக்கு வருமுன், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 126-ஆம் விதிப்படி, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் ஒன்றில் சான்று வாங்கியாக வேண்டும். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட் போன்றவை அப்படிப்பட்ட நிறுவனங்கள். எலக்ட்ரிக் வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று அளக்க ஏஐஎஸ்-040 என்ற தரநிலை இருக்கிறது. காரை உருளைகள் மேல் நிறுத்தி, எம்ஐடிசி என்ற ஓட்ட அட்டவணைப்படி பேட்டரி தீரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஏசி போட மாட்டார்கள். அறை வெப்பநிலை 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும்.

அட்டவணையில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி நகர ஓட்டம்: 780 வினாடி, உச்ச வேகம் 50, சராசரி வேகம் மணிக்கு சுமார் 19 கி.மீ. இரண்டாவது நகருக்கு வெளியே ஓட்டுவதுபோல: 400 வினாடி, உச்ச வேகம் 90. கொஞ்ச காலம் முன்புவரை விளம்பரங்களில் முதல் பகுதியின் எண்தான் பளிச்சென்று நின்றது. இப்போது இரண்டும் சேர்ந்த எண்ணை ‘பி1+பி2’ என்று போடுகிறார்கள்.

இதனால் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு டாடா கர்வ் இவி-யின் 55 யூனிட் (kWh) பேட்டரி மாடலையே எடுத்துக்கொள்ளலாம். முதல் பகுதி மட்டும் என்றால் 585 கி.மீ. இரண்டும் சேர்த்தால் 502. 75 சதவீத வாடிக்கையாளர்களுக்கு நிஜச் சாலையில் கிடைக்கும் என்று அந்த நிறுவனமே சொல்வது 400 முதல் 425. ஒரே கார், ஒரே பேட்டரி, மூன்று எண்கள். யூனிட் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவு: 585 என்றால் யூனிட்டுக்கு 10.6 கி.மீ., 502 என்றால் 9.1, 400 என்றால் 7.3. ஷோரூமில் இரண்டு கார்களை ஒப்பிட பி1+பி2 எண் நன்றாகவே உதவும். அதை வைத்து ஊருக்குப் போகத் திட்டம் போடக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் டேஷ்போர்டு எண். பல கார்கள் சமீபத்தில் நீங்கள் ஓட்டியபோது ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் செலவானது என்று பார்த்து, மிச்சமுள்ள சார்ஜ் இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று கணக்கிடுகின்றன. அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடல் வேறு எண்ணைக் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஏசியோடு நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் போனால் அந்த ஒரு யூனிட் 60 கிலோமீட்டருக்குப் பங்காகிவிடும். நெரிசலில் ஒரு மணி நேரத்தில் 12 கி.மீ.தான் நகர்ந்தீர்கள் என்றால் முழுச் செலவும் அந்த 12 கிலோமீட்டர் தலையில். மற்றபடி இந்த ஊர்க் காலநிலை சோதனை அறையை ஒட்டியே இருப்பது நம் அதிர்ஷ்டம். ஏசி போடாமல் ஓட்டும் காலை நேரங்களில் எண் நன்றாகவே ஏறும். வேலூர் வெயிலில் அந்தச் சலுகை கிடையாது.

நெடுஞ்சாலையில் விஷயமே வேறு. சேலம் போகும் வழியில் அத்திப்பள்ளி டோலைத் தாண்டி 110-ஐத் தொட்டால், 90-இல் இருந்த காற்றுத் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். வாரம் முழுக்க நகரத்தில் மெதுவாக ஓட்டியதை வைத்துக் கணித்த கார், நீங்கள் 10 கி.மீ. போவதற்குள் 14, 15 கி.மீ. குறைத்துக் காட்டும். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300-க்கும் கீழே. கிருஷ்ணகிரி இறக்கத்திலும் தொப்பூர் கணவாயிலும் பிரேக் வழியாகக் கொஞ்சம் சார்ஜ் திரும்பி வரும். திரும்பும்போது ஆட்களோடு 1,900 கிலோ எடையை 600 மீட்டருக்கு மேல் தூக்க வேண்டும். அதற்கு மட்டும் 3 யூனிட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 20 கி.மீ. ரேஞ்ச் போய்விடும். சேலத்துக்குப் போய் வருகிறவர்கள் திரும்பும் வழிக்குத்தான் கூடுதல் சார்ஜ் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, புகார் கொடுக்க முடியுமா? சான்று எண்ணை ‘சோதனைச் சூழலில்’ என்ற குறிப்போடு போட்டிருந்தால், அது கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தை வைத்து வெல்வது கடினம். ஆனால் விற்பனையாளர் “ஹைவேயில் 450 உறுதி” என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாலோ, விளம்பரம் அந்தக் குறிப்பை மறைத்திருந்தாலோ கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தவறான விளம்பரத்துக்கு எதிராக முறையிட வழி தருகிறது. பெட்ரோல் கார் ஒன்றின் மைலேஜ் விளம்பரம் பற்றிய வழக்கில், 2004-இல் வாங்கிய வண்டிக்கு ₹1 லட்சம் இழப்பீட்டை தேசிய நுகர்வோர் ஆணையம் 2024-இல் உறுதி செய்தது. இருபது வருடம் இழுத்தது என்பதையும் கவனியுங்கள்.

ஷோரூம்காரர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள், சிற்றேட்டைப் பத்திரப்படுத்துங்கள். ரேஞ்ச் திடீரென்று சரிந்தால் சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கிய அளவை அச்சிட்டுக் கேளுங்கள்; அது வாரன்டி வரம்புக்குக் கீழே போயிருந்தால் அது வாரன்டி சமாச்சாரம், விளம்பரச் சண்டை தேவையில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அதில் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை ₹50 லட்சத்துக்குள் என்றால் அங்கேதான் போக வேண்டும். எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. விலை 10 முதல் 20 லட்சம் வரை என்றால் கட்டணம் ₹400. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.