கிராஸ்ரூட்ஸ்னா "அடிமட்டம்" இல்லைங்க

போன வாரம் ஒரு துண்டுப் பிரசுரத்தை மெய்ப்புப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. உள்ளூர் அரசியல்ல சாதாரண ஜனங்க எப்படித் தலையிடறதுன்னு சொல்ற 8 பக்கம், இங்கிலீஷ்லேருந்து மொழிபெயர்த்தது. விஷயம் நல்ல விஷயம். ஆனா முதல் பக்கத்துலயே "அடிமட்ட அமைப்புகள்", அடுத்த பாராவுல "அடிமட்டச் செயற்பாட்டாளர்கள்", அதுக்கப்புறம் "அடிமட்ட சக்தி", இங்கிலீஷ்ல கிராஸ்ரூட்ஸ்னு வர்ற எடத்துலயெல்லாம் இதுதான், எண்ணிப் பார்த்தா மொத்தம் 17 இடம். வழக்கமா கேக்குறதுதானேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிச்சுட்டே வந்தேன். ஆறாம் பக்கத்துல ஒரு வரி: பெரிய கம்பெனிங்க காசு கொடுத்து மக்கள் இயக்கம் மாதிரி ஒண்ணைக் கிளப்பிவிடறதுக்குப் பேரு "செயற்கைப் புல் பரப்புதல்". இதுவரைக்கும் மட்டமும் மாடியுமா போயிட்டிருந்த எடத்துல திடீர்னு புல்லு எங்கேருந்து வந்துச்சு? தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர் இதைப் படிச்சா அச்சுப்பிழைன்னுதான் நினைப்பார். அங்கதான் இதை எழுதணும்னு முடிவு பண்ணேன்.

சொல்லோட கதையை வேகமா சொல்லிடறேன். கிராஸ்ரூட்ஸ்னா புல்லோட வேர், அவ்வளவுதான். அமெரிக்காவுல 19-ஆம் நூற்றாண்டுல தங்கம் தோண்டப் போனவங்க, புல்வேர் இருக்கிற மேல்மண்ணுலேருந்தே தங்கம் கிடைக்குதுன்னு பேசிக்கிட்ட சொல் அது. அப்புறம் அரசியலுக்கு வந்துச்சு, சாதாரண ஜனங்க தாங்களே ஆரம்பிச்சு நடத்தற இயக்கத்தைச் சொல்றதுக்கு. எல்லாரும் காட்டுற பழைய உதாரணம் 1912 ஆகஸ்ட், சிகாகோவுல நடந்த முற்போக்குக் கட்சி மாநாடு. தியோடர் ரூஸ்வெல்ட்டை வேட்பாளரா நிறுத்தின அதே மாநாடுதான். இண்டியானாவோட முன்னாள் செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜ் அங்க பேசினப்போ, இந்தக் கட்சி புல்வேர்லேருந்து வந்தது, மக்களோட கடுமையான தேவைங்கிற மண்ணுல முளைச்சதுன்னு சொன்னார். வேர் மட்டும் இல்ல, மண்ணும் சேர்ந்து வருது, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். இன்னொண்ணும் கவனிங்க, இதைச் சொன்னவர் முன்னாள் செனட்டர், நிறுத்தின வேட்பாளர் முன்னாள் அதிபர். அதாவது மேல இருக்கிறவங்க "நாங்க வேர்லேருந்து வந்தோம்"னு உரிமை கொண்டாடறது இந்தச் சொல் அரசியலுக்கு வந்த காலத்துலேருந்தே இருக்கு. அதனாலதான் அசல் எது போலி எதுன்னு பிரிச்சுக் காட்ட இன்னொரு சொல்லும் பின்னால தேவைப்பட்டுச்சு.

அந்தப் போலிக்கான சொல்தான் ஆஸ்ட்ரோடர்ஃப். டெக்சாஸ்ல ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் விளையாட்டு அரங்கத்துல 1966-ல விரிச்ச பிளாஸ்டிக் புல்லோட பேரு அது. 1985-ல டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சன் தன்னோட ஆபீஸுக்கு மலையா வந்து குவிஞ்ச கடிதங்களைப் பார்த்துட்டு, டெக்சாஸ்காரனுக்குப் புல்வேர் எது ஆஸ்ட்ரோடர்ஃப் எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியும், இதெல்லாம் தயாரிச்சு அனுப்பின கடிதம்னு சொன்னார். பிளாஸ்டிக் புல்லு பார்க்கப் பச்சையாத்தான் இருக்கும், வேரு மட்டும் இருக்காது. ரெண்டு சொல்லும் ஜோடி. ஒண்ணை "மட்டம்"னு மாத்திட்டு இன்னொண்ணைப் "புல்"லாவே விட்டா ஜோடி பிரிஞ்சு போகுது, அந்தப் பிரசுரத்துல நடந்தது அதுதான்.

சரி, அடிமட்டத்துக்கு வருவோம். இந்தச் சொல்லை ஆதரிக்கிறவங்க சொல்றது எனக்குத் தெரியும். தமிழ்ச் சொல்லு, எல்லாருக்கும் புரியுது, கட்சிக்காரங்க காலம் காலமா "அடிமட்டத் தொண்டன்"னு சொல்றாங்க, "அடி"ன்னாலே வேர்ப்பக்கம்தானேன்னு கேப்பாங்க. "அடி"யைப் பத்தி எனக்கு ஒரு சண்டையும் இல்ல. அடிவேர், அடிப்படை, அடியோடு, அடி முதல் நுனி வரை, எல்லாம் அருமையான சொல்லுங்க. மரத்தடின்னா மரத்துக்குக் கேவலம் இல்ல. எனக்குச் சண்டை "மட்டம்"கிற சொல்லோடதான்.

மட்டம்னா என்ன? அளவு, உயர அளவு. கொத்தனார் கையில மட்டப்பலகையும் ரசமட்டமும் இருக்கும். இலங்கைத் தமிழ்ல அடிமட்டம்னாலே கோடு போடற அளவுகோல், அங்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகிட்ட "அடிமட்ட இயக்கம்"னு சொல்லிப் பாருங்க, என்ன நினைக்கும்? அப்புறம் "மட்டமான சரக்கு", "மட்டம் தட்டறது", "அவன் புத்தி ரொம்ப மட்டம்". இந்த வாடை எல்லாம் சொல்லோட ஒட்டிக்கிட்டு வருது, கழுவிட்டுப் பயன்படுத்த முடியாது. "நாங்க ஒரு அடிமட்ட அமைப்பு"ன்னு ஒருத்தர் தன்னைப் பத்தித் தானே மேடையில சொல்லிக்கிறப்போ கேக்குற காதுல அது எப்படி விழும்னு மொழிபெயர்க்கிறவர் ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பார்த்திருந்தாலே போதும்.

ஆனா வாடையை விடப் பெரிய தப்பு அர்த்தத்துல இருக்கு. மட்டம்னு சொன்ன உடனே மனசுல ஏணி வந்துடும். அடிமட்டம்னு ஒண்ணு இருந்தா நடுமட்டமும் மேல்மட்டமும் இருந்தே ஆகணும். "அடிமட்டத் தொண்டன்"கிறது கட்சிக்குச் சரியான சொல், ஏன்னா அங்க நிஜமாவே ஏணி இருக்கு, கிளை, ஒன்றியம், மாவட்டம், தலைமைன்னு படிப்படியா போகுது. கிராஸ்ரூட்ஸ் அமைப்புல பல சமயம் மேல யாருமே கிடையாது! ஒரு தெருக்காரங்க சேர்ந்து ரோட்டுக்காகப் போராடுறாங்கன்னா அவங்க யாரோட அடிமட்டம்? அவங்க கிட்டதான் அது ஆரம்பிக்குது, அவங்க கிட்டதான் முடிவும் இருக்கு. இந்தச் சொல் பேசறது உயரத்தைப் பத்தி இல்ல, திசையைப் பத்தி. முடிவு எந்தப் பக்கத்துலேருந்து புறப்படுதுங்கிறதுதான் கேள்வி.

இதே குழப்பத்தாலதான் "அடித்தட்டு", "விளிம்புநிலை", "கீழ்மட்டம்" எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டிடறாங்க. அடித்தட்டு மக்கள்னா வர்க்கம். விளிம்புநிலைன்னா ஒதுக்கி வைக்கப்பட்டவங்க. கிராஸ்ரூட்ஸ் ரெண்டும் இல்ல. 1955 டிசம்பர்ல அமெரிக்காவோட மாண்ட்கமெரி நகரத்துல, பஸ்ஸுல இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் ஆரம்பிச்ச பஸ் புறக்கணிப்பை எடுத்துக்கோங்க. வெள்ளைக்காரருக்கு இடம் விட மாட்டேன்னு சொன்ன ரோசா பார்க்ஸ் கைதான அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து பல்லாயிரம் துண்டறிக்கை அடிச்சுக் குவிச்ச ஜோ ஆன் ராபின்சன் ஒரு கல்லூரி ஆசிரியை. 381 நாள் அந்தப் போராட்டம் நின்னதுக்குக் காரணம் வீட்டு வேலைக்குப் போற பெண்கள் நடந்தே போனது, காரு வெச்சிருந்தவங்க மத்தவங்களை ஏத்திக்கிட்டுப் போனது, தேவாலயங்கள்ல காசு சேர்த்தது. பேராசிரியரும் சமையல்கார அம்மாவும் ஒண்ணா நின்ன இயக்கம் அது, அதைப் போய் "அடித்தட்டு இயக்கம்"னு எழுதினா பாதிப் பேரை வெளியே தள்ளிடறோம். மறுபக்கம் ஏழைகளுக்காக ஒரு பெரிய நிறுவனம் தலைநகரத்துல உட்கார்ந்து திட்டம் போட்டு ஆள் வெச்சு நடத்தினா, அது அடித்தட்டுக்கான வேலைதான், கிராஸ்ரூட்ஸ் கிடையாது. இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியலைன்னா அந்தச் சொல்லால என்ன பிரயோஜனம்?

"புல்வேர் இயக்கம்"னு நேரா எழுதறவங்களும் இருக்காங்க. நேர்மையான முயற்சிதான், ஆனா தமிழ்ல "புல்வேர்"னா ஒண்ணும் கேக்கலை, வேரைப் பிடுங்கிக் கொண்டாந்து தரையில வெச்ச மாதிரி இருக்கு. "வேர்மட்டம்"னு சிலர் சமரசம் பண்றாங்க, மறுபடி அதே மட்டம்.

நான் சொல்றது வேரடி. வேரடி இயக்கம், வேரடி அரசியல், வேரடி அமைப்பு. இது நான் உட்கார்ந்து உருவாக்கின சொல் இல்ல. "வேரோடும் வேரடி மண்ணோடும்"னு மேடையில எத்தனை தடவை கேட்டிருப்போம்! பெவரிட்ஜ் சொன்ன வேரும் மண்ணும் ரெண்டுமே அதுல இருக்கு. அது பிடுங்கி எறியறதுக்குச் சொல்ற வாக்கியமாச்சேன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா ஏன் வேரடி மண்ணோட சேர்த்துப் பிடுங்கணும்ங்கிறாங்க? மண்ணு மிச்சமிருந்தா திரும்ப முளைச்சிடும்னுதானே. உயிர் அங்கதான் இருக்குன்னு சொல்றவனுக்கே தெரியுது.

இதுல புல்லு விட்டுப்போகுது, அது உண்மையிலேயே ஒரு இழப்புதான், ஒத்துக்கறேன். ஏன்னா இங்கிலீஷ்காரன் மரத்தோட வேரைச் சொல்லலை, புல்லைச் சொல்றான். மரத்துக்கு ஆணிவேர்னு ஒண்ணு உண்டு, புல்லுக்குக் கிடையாது, எல்லாம் சல்லிவேர், தலைவர் வேர்னு ஒண்ணும் இல்ல. ஆனா நமக்கு அதுவும் ஏற்கெனவே இருக்கே, "ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி"ன்னு வாழ்த்தறோமே! அறுகம்புல்லு தரையோட படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும், ஒரு பக்கம் பிடுங்கினா இன்னொரு பக்கம் கிளம்பும். ஒரு நல்ல உள்ளூர் இயக்கம் பரவறது சரியா இப்படித்தான். அதனால "இந்த இயக்கம் அறுகு மாதிரி வேரோடிப் போயிருக்கு"ன்னு எழுதுங்க, எந்த விளக்கமும் தேவைப்படாது. ஆஸ்ட்ரோடர்ஃபுக்கு "வேரில்லாப் புல்". வேரடி, வேரில்லாப் புல், ஜோடி திரும்பச் சேர்ந்தாச்சு.

இதே பிரசுரத்துல இன்னொரு கொடுமை, கம்யூனிட்டி ஆர்கனைசிங். "சமுதாய அமைப்பு"ன்னு போட்டிருக்கார். தமிழ்ல "எங்க சமுதாயம்", "அந்தச் சமூகத்துக்காரங்க"ன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும், கம்யூனிட்டி சர்டிபிகேட்னா சாதிச் சான்றிதழ். சாதி பார்க்காம தெருவுல எல்லாரையும் ஒண்ணு சேர்க்கிற வேலைக்குப் போய் சாதிச் சங்கம் மாதிரி பேர் வெச்சா படிக்கிறவங்க எதை நினைப்பாங்க? 1939-ல சிகாகோவுல இறைச்சி ஆலைகளை ஒட்டின குடியிருப்புல இந்த வேலைக்குப் பேர்போன சால் அலின்ஸ்கியும் கூட இருந்தவங்களும் செஞ்சது, ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்காத பல நாட்டு வம்சாவளிக்காரங்களையும் அவங்க தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மன்றத்துல உட்கார வெச்சது. அதை "சமுதாய அமைப்பு"ன்னு எழுதினா நேர் எதிர் அர்த்தம் வந்துடுது. "ஊர் திரட்டல்"னு எழுதலாம், நகரமா இருந்தா "குடியிருப்போரைத் திரட்டுறது"ன்னு விரிச்சே சொல்லலாம், நாலு எழுத்து கூடினா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

ஆக்டிவிஸ்டை "சமூக ஆர்வலர்"ங்கிறதும் இந்த ரகம்தான். ஆர்வம் இருக்கிறவரெல்லாம் ஆர்வலர், பறவை பார்க்கிறவரும் ஆர்வலர். வழக்கு வாங்கி, அடி வாங்கி, வேலையை விட்டுட்டு நிக்கிற ஒருத்தரைப் பொழுதுபோக்குக்காரர் மாதிரி எழுதறது தப்பு. "செயற்பாட்டாளர்" கொஞ்சம் நீளம், ஆனா அதுல செயல் இருக்கு. பேச்சுல "போராளி"ங்கிறாங்க, எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது, ஏன்னா இந்த வேலையில போராட்டம் பாதிதான், மீதி கூட்டம் போடறது, மனு எழுதறது, வீடு வீடா போய்ப் பேசறது. "முற்போக்கு" மட்டும் நல்லா அமைஞ்ச சொல், "பிற்போக்கு"ன்னு எதிர்ச்சொல்லும் தானா வந்துச்சு, அதை யாரும் கெடுக்காம இருந்தா சரி.

மெய்ப்புல 17 இடத்தையும் அடிச்சு வேரடின்னு எழுதி அனுப்பினேன். மொழிபெயர்த்தவர் போன் பண்ணி, "புதுசா இருக்கே சார், வாசகருக்குப் புரியுமா"ன்னு கேட்டார். முதல் இடத்துல மட்டும் "வேரடி மண்ணுலேருந்து முளைச்ச இயக்கம்"னு ஒரு தடவை விரிச்சு எழுதுங்க, மீதி 16 தானா புரிஞ்சிடும்னு சொன்னேன். அப்படியே எழுதிட்டார்.