தெளிவுக்காகக் கழற்றப்பட்ட காப்பு

மரவேலை என் தொழில். வாரத்தில் இரண்டு நாள் புதியவர்களுக்கு அதைக் கற்பிக்கவும் செய்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஒன்றும் தெரியாதவர்களாக வருவதில்லை. மாதக்கணக்கில் காணொளிகளைப் பார்த்துவிட்டே வருகிறார்கள். அண்மையில் சேர்ந்த இளைஞர் ஒருவர், டேபிள் சா, அதாவது மேசையின் நடுவே வட்ட பிளேடு சுழலும் அறுப்பு இயந்திரத்தின் முன் நின்றதும், நான் வாய் திறப்பதற்குள் பிளேடுக்கு மேலிருந்த காப்பு மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். புதிதாக வாங்கிய பொருளின் மேலுறையைப் பிரிப்பதுபோல அவ்வளவு இயல்பாக அது நடந்தது. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன். “இதைக் கழற்றிவிட்டுத்தானே சார் எல்லோரும் அறுக்கிறார்கள்?” என்றார்.

அவர் பார்த்த திரையில் எல்லோரும் அப்படித்தான் அறுக்கிறார்கள். பல காணொளிகளின் ஓரத்தில் ‘தெளிவுக்காகக் காப்பு அகற்றப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி சிறிய எழுத்தில் வந்து போகும். எழுதியவருக்கு அது ஒரு நிம்மதி. பார்ப்பவரின் மனத்தில் பதிவதோ அந்த வரி அல்ல, மூடியில்லாமல் சுழலும் பிளேடும் அதன் அருகே பதற்றமின்றி நகரும் கைகளும்தான். கைத்தொழிலில் வாய் சொல்வதைவிடக் கை செய்வதைப் பார்த்தே மாணவர் கற்றுக்கொள்கிறார். தச்சுப் பட்டறையில் ஆசானின் கையைப் பார்த்துக்கொண்டு நின்று தொழில் பழகிய எவருக்கும் இது தெரியும்.

இதில் எனக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் தூண்டுதலால் நானும் சில காணொளிகள் எடுத்தேன். முதல் காணொளி, ஒரு மேசை இழுப்பறை செய்வதைப் பற்றியது. மூடி இருந்ததால் பிளேடு தெரியவில்லை. பலகை உள்ளே போய் இரண்டாகி வெளியே வருவதுதான் தெரிகிறது, சுவையே இல்லை என்றார் கேமராவைப் பிடித்திருந்த நண்பர். கழற்றினேன். என்னுடையது பழைய இயந்திரம். அதில் மூடியும், பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகடும் ஒரே தொகுதி என்பதால் இரண்டும் சேர்ந்தே வந்துவிட்டன. இருபது நொடிகளில் பலகையை அறுத்து முடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதாலேயே அந்தக் காட்சி காணொளியில் இடம்பெற்றது. ஏதாவது நடந்திருந்தால் அந்தக் காணொளியே வெளிவந்திருக்காது. ஆக, பார்வையாளருக்குக் கிடைப்பது எப்போதும் தப்பித்தவர்களின் கதைதான்.

பிளவுத் தகட்டின் வேலையைத் தெரிந்துகொண்டால் அதைக் கழற்ற யாருக்கும் மனம் வராது. பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழலும்போது அதன் பல்லின் நுனி மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. முன்பக்கத்துப் பற்கள் மரத்தை மேசையோடு சேர்த்துக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. பின்பக்கத்துப் பற்களோ மேலெழுந்து நம்மை நோக்கி வருகின்றன. உள்ளிறுக்கம் உள்ள பலகையை அறுக்கும்போது, அறுபட்ட இடைவெளி மீண்டும் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அல்லது பலகை, தன்னை நேர்க்கோட்டில் செலுத்தும் பக்கவாட்டு வழிச்சட்டத்தை விட்டுச் சற்றே விலகிப் பின்பற்களில் போய்ச் சாயும். அந்தக் கணத்தில் பலகை அந்த வேகத்தோடு அறுப்பவரின் வயிற்றை நோக்கி எறியப்படுகிறது. பலகையைப் பிடித்திருந்த கை பிளேடை நோக்கி இழுபடவும் கூடும். பட்டறையில் இதைக் ‘கிக்பேக்’ என்போம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் என்பதால், வேகமாகக் கையை எடுத்துவிடுவேன் என்று யாராவது சொன்னால் அதை நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. பிளேடுக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் அந்த மெல்லிய தகடு, இடைவெளி மூடாமலும் மரம் பின்பற்களைத் தொடாமலும் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சா காயங்களோடு அவசர சிகிச்சைக்குச் செல்வதாக அந்நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடுகள் கூறுகின்றன. ஆயிரக்கணக்கானோர் விரலை இழக்கிறார்கள்.

காணொளியில் வெட்டப்படுவது ஆபத்து மட்டுமல்ல, காலமும்தான். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை எழுந்து நிற்கிறது. பசை காயும் இரவுகளும், மரம் பட்டறையின் காற்றோடு ஒத்துப்போவதற்காகக் காத்திருக்கும் வாரங்களும் படத்தொகுப்பில் காணாமல் போகின்றன. அகலமான மேற்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு சுற்றிலும் பசையிட்டு ஒட்டி, நேர்த்தியாக எண்ணெய் பூசி முடிக்கும் காணொளிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதேயில்லை. ரேகைக்குக் குறுக்கே, காற்றின் ஈரத்தைப் பொறுத்து விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். தொண்ணூறு சென்டிமீட்டர் அகலமுள்ள மேற்பலகை, அதன் ஈரப்பதம் நான்கு சதவீதம் மாறினால், மரவகையையும் அறுத்த விதத்தையும் பொறுத்து ஒரு சென்டிமீட்டர் வரைகூட நகரக்கூடும். நகர வழியில்லாமல் ஒட்டிவிட்டால் பலகை பிளந்துதான் தீரும். அது பிளப்பது அடுத்த பருவத்தில்; காணொளியோ முதல் நாளிலேயே இலட்சம் பார்வைகளைப் பெற்று முடிந்திருக்கும். பிளந்த மேசையோடு என்னிடம் வந்த ஒருவர், காணொளியில் இருந்ததை இம்மி பிசகாமல் செய்ததாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

ஒட்டுமொத்தமாக இந்தக் காணொளியாளர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஓர் இணைப்பைப் பத்துவிதமாகச் செய்து, ஒவ்வொன்றையும் எடை ஏற்றி உடைத்துக் காட்டும் பொறுமைசாலிகள் இருக்கிறார்கள். தொழிலில் பல ஆண்டுகள் கழித்தவர்களே அவர்களிடமிருந்து கற்றிருக்கிறோம். கைவாள் பிடிக்கத் தெரியாத தலைமுறைக்கு மரத்தின் மீது ஆசையை உண்டாக்கியவர்களும் அவர்களே. ஆனால் வாரம் ஒரு காணொளி தராவிட்டால் தளம் அவர்களை மறந்துவிடுகிறது. கருவி நிறுவனங்கள் இலவசமாகத் தரும் பொருளைக் காட்டியாக வேண்டிய நிலையும் இருக்கிறது. இரண்டு உளி, ஒரு இழைப்புளி, ஒரு கைவாள் இவற்றோடு முடியும் வேலைக்குப் பத்து இயந்திரங்கள் தேவை என்று நம்பி வருகிறவர்களின் கருவிப்பட்டியலைப் பார்க்கும்போது, அதில் விளம்பரத்தின் கையெழுத்து எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

தளங்களின் போக்கு எப்படிப்பட்டது என்பதற்கு, மின்சாரத்தால் மரத்தில் மின்னல் கோடுகளை எரிக்கும் வேலையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியைப் பிரித்தெடுத்து, உப்பு அல்லது சோடா கலந்த நீர் தடவிய பலகையில் சுமார் 2,000 வோல்ட்டைச் செலுத்துகிறார்கள். கிளை கிளையாகக் கோடு ஓடுவது கண்ணுக்கு மிக அழகு. கை தவறினால் இரண்டாம் வாய்ப்பு கிடையாது; வீட்டிலுள்ள மின்கசிவுத் துண்டிப்பான் காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது, ஏனெனில் மின்மாற்றிக்கு அப்பால் நடப்பது அதற்குத் தெரியாது. இதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல் கலைஞர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதை அடியோடு தடை செய்துள்ளது. 2022-இல் ஆஸ்திரேலியக் காணொளியாளர் ஆன் ரியர்டன் இதன் ஆபத்தை விளக்கி ஒரு காணொளி வெளியிட்டார். யூடியூப் நீக்கியது அந்த எச்சரிக்கையைத்தான். செய்முறைக் காணொளிகள் அப்படியே கிடந்தன. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அவருடையது திரும்பி வந்தது. என் மாணவர் எவரேனும் இந்த வேலையைப் பற்றிக் கேட்டால் அதைப் பாதுகாப்பாகச் செய்யும் முறையை நான் சொல்வதில்லை. செய்யாதீர்கள் என்று மட்டுமே சொல்கிறேன்.

கேமராவில் தெரியாத ஆபத்துகள் இன்னும் எளிதாகத் தப்பிவிடுகின்றன. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. முகமூடி அணிந்தால் முகபாவம் தெரியாது என்பதால் திரையில் அது அரிது. ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்ததும் மரம் பொன்னிறமாக ஒளிரும் காட்சியோடு காணொளி முடியும். அந்தத் துணி எங்கே போனது என்பதைக் காட்ட மாட்டார்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. கசக்கிப் போட்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991-இல் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடமொன்று பற்றி எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்த விபத்து, மரப்பலகைகளுக்கு எண்ணெய் பூசிவிட்டு விட்டுச்சென்ற இத்தகைய துணிகளிலிருந்தே தொடங்கியது. துணியை விரித்து, வெளியே தனியாகத் தொங்கவிட்டு, விறைக்கும்வரை காய வையுங்கள். அல்லது நீரில் மூழ்கவைத்து மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போடுங்கள்.

ஒரு காணொளியை நம்பலாமா என்று மாணவர்கள் கேட்கும்போது, செய்பவர் வெட்டுவதற்கு முன் என்ன செய்கிறார் என்று பார்க்கச் சொல்கிறேன். பலகையின் நெளிவைப் பார்க்கிறாரா, கைக்குப் பதிலாகப் பலகையைத் தள்ள உதவும் தள்ளுகட்டையை எட்டும் தூரத்தில் வைத்திருக்கிறாரா, பலகை எறியப்பட்டால் படாதவாறு பிளேடின் நேர்க்கோட்டை விட்டு ஒதுங்கி நிற்கிறாரா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தன் தவறு ஒன்றையாவது நீக்காமல் வைத்திருப்பவரை இன்னும் சற்றுக் கூடுதலாக நம்பலாம்.

அந்த இளைஞர் வந்து போன வாரத்தில் என் பழைய காணொளியை நீக்கிவிட்டு, அதே இழுப்பறையை மூடியும் தகடும் பொருத்தியே மீண்டும் செய்து பதிவேற்றினேன். நண்பர் சொன்னதுபோலவே சுவை குறைவுதான், பார்வைகளும் குறைவு. முதலில் வந்த கருத்து, “பிளேடே தெரியவில்லையே, எப்படிக் கற்றுக்கொள்வது?” என்பதாக இருந்தது. அறுக்கும்போது நானும் பிளேடைப் பார்ப்பதில்லை, பலகையின் விளிம்பு வழிச்சட்டத்தோடு ஒட்டியபடி போகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறேன் என்று அவருக்குப் பதில் எழுதினேன்.