632001: வேலூர் பின்கோடுக்குள் என்ன இருக்கிறது?

வேலூர் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 632001. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த முறை இது. மாவட்டம் பிரிந்து ராணிப்பேட்டை தனியாகப் போன பிறகும் அங்கே 632401தான். காட்பாடி பின்கோடையும் ஆற்காடு பின்கோடையும் கூட்டினால் எந்த ஊரும் கிடைக்காது. அவை அடையாளங்கள், அளவுகள் அல்ல. ஆனாலும் முழு எண்கள்தானே, பிரித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

632001இன் இலக்கங்களைக் கூட்டினால் 12. அது மூன்றால் வகுபடும், எனவே எண்ணும் வகுபடும். (10, 100, 1000 எதை மூன்றால் வகுத்தாலும் மீதி 1, அதனால்தான் இந்தக் குறுக்குவழி பலிக்கிறது.) ஈவு 2,10,667. இதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை. 7, 11, 13 என்று பகா எண்களாகப் போட்டு வகுத்துக்கொண்டே போக வேண்டும். எதுவரை? 459இன் வர்க்கமே 2,10,681 ஆகிவிடுகிறது. இரண்டு காரணிகளும் 458ஐத் தாண்டினால் பெருக்கல் நம் எண்ணை மீறிவிடும். ஆக, 458 வரை ஒன்றும் சிக்கவில்லை என்றால் அது பகா எண்தான்.

சிக்குகிறது, 293இல். பகா எண் வரிசையில் அது 62ஆவது! 293 × 719 = 2,10,667. பெருக்கிச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். பிரிக்கத்தான் பொறுமை வேண்டும். இணையத்தில் தகவல்களைப் பூட்டிப் பாதுகாக்கும், 1977இல் உருவான ஆர்எஸ்ஏ மறையாக்கம் இந்த ஏற்றத்தாழ்வை நம்பியே நிற்கிறது. அதில் இன்று பரவலாக வழங்கும் எண்களுக்கு 617 இலக்கங்கள்.

ஆக, 632001 = 3 × 293 × 719. மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலை ஸ்பீனிக் எண் என்பார்கள். அதற்கு வகுத்திகள் எப்போதும் எட்டுதான்: ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், 2 × 2 × 2. காட்பாடியின் 632007 ஒன்பதால் வகுபடுவதால், அதில் 3 இருமுறை வருகிறது. அது இந்த வகையில் சேராது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. மூன்றையும் இரட்டித்து ஒன்று கூட்டுங்கள்: 7, 587, 1439. மூன்றும் பகா எண்களே! இப்படி இரட்டித்து ஒன்று கூட்டினாலும் பகா எண்ணையே தரும் 3, 293, 719 போன்றவை சோஃபி ஜெர்மேன் பகா எண்கள். ஆண் பெயரில் ஜெர்மானியக் கணித மேதை காஸுக்குக் கடிதம் எழுதிய அந்தப் பிரெஞ்சுக் கணிதவியலாளர், எண்ணியலின் பழைய புதிரான ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தைத் துரத்தும்போது இவற்றைக் கையாண்டார். ஒரே பின்கோடில் மூன்றும் சேர்ந்தது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல்.

தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 2,14,719 மட்டுமே தேறுகிறது. ஆகவே 632001 ஒரு குறை எண். சிஎம்சி மருத்துவமனையின் 632004 இதற்கு நேர்மாறு. அது ஆறால் வகுபடும். பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று இவற்றைக் கூட்டினாலே முழு எண்ணும் வந்துவிடும். மேற்கொண்டு 1, 2, 3 என்று வகுத்திகள் மிச்சம் இருப்பதால் அது மிகை எண். கூட்டுத்தொகை கச்சிதமாகத் தன் அளவே வரும் செவ்விய எண்ணை மட்டும் இந்தியாவின் எந்தப் பின்கோடிலும் தேட வேண்டாம்: நான்கு இலக்க 8128ஐ அடுத்து வருவதே 3,35,50,336.