ரெண்டு இட்லி போதும் என்று யார் சொன்னது?

போன வாரம் ஒரு பெண் மாமியாரோடு ஓபிக்கு வந்தார். எடை குறைப்புக்காக இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடுகிற ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். 112 கிலோ இருந்தவர் 74க்கு இறங்கியிருக்கிறார். சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, முழங்கால் வலி போய்விட்டது, பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சாயங்காலம் ஆனால் கால் வீங்குகிறது. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்; விழுந்த குழி எழவே இல்லை. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1, ரத்தத்தில் உள்ள புரதமான ஆல்புமின் 2.8; இரண்டுமே குறைவு.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவரிடம்தான் கேட்டேன். பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "காலைல ரெண்டு இட்லி, மதியம் ரசம் சாதம் நல்லா குழைச்சு, ராத்திரி கஞ்சி. வயித்த அறுத்திருக்காங்கல்ல மேடம், கனமா எதுவும் குடுக்கறதில்ல. சத்து மாத்திரைய நாலு மாசத்தோட நிறுத்திட்டோம். அதான் நல்லாத்தானே இருக்கா."

அந்த வீட்டில் அக்கறைக்குக் குறைவே இல்லை. அரிசியை வறுத்துப் பொடித்துக் கஞ்சி காய்ச்சி, ஃபிளாஸ்கில் ஊற்றி மருமகளை வேலைக்கு அனுப்புகிற மாமியார் அவர். இதே பதிலை அம்மாக்களிடமும் மனைவிகளிடமும் கணவர்களிடமும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்ன சாப்பாட்டை அவர் முன்னாலேயே கணக்குப் போட்டேன். ஒரு இட்லியில் புரதம் சுமார் 2 கிராம். குழைத்த சாதம் நூறு கிராம் என்றால் இரண்டரை, மூன்று கிராம். கஞ்சியில் அதுவும் இல்லை. ரசத்தில் கணக்கில் சேர்க்கிற அளவுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு வேளை காபியில் உள்ள பாலையும் சேர்த்தால்கூட நாள் முழுக்க 15 கிராமைத் தாண்டவில்லை. இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்குக் குறைந்தபட்சம் 60 கிராம் வேண்டும். பலருக்கு 80 வரை தேவைப்படும். கால் பங்கில் எட்டு மாதம் ஓட்டியிருக்கிறார்கள்.

ஆபரேஷன் செய்த வயிற்றுக்கு லேசான சாப்பாடுதான் நல்லது என்ற நினைப்பு நம் ஊரில் மிக ஆழமாக வேரோடியிருக்கிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் அது சரி. மூன்று நாள் கஞ்சி குடித்துவிட்டு நான்காம் நாள் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவோம். இங்கே கதை வேறு. முதல் இரண்டு வாரம் திரவ உணவு, அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, அப்புறம் மென்மையான உணவு என்று படிப்படியாகக் கூட்டுகிறோம். அது தையல் போட்ட இடம் ஆறுவதற்காக. ஆறு முதல் எட்டு வாரத்தில், உங்கள் டாக்டர் சரி என்று சொன்னதும், வயிறு வழக்கமான உணவைத் தாங்கும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் கஞ்சி கொடுத்தால் வயிற்றுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. உடம்புக்குப் பட்டினி, அவ்வளவுதான்.

முன்பு இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டவருக்குப் பருப்பு, பொரியல், தயிர் என்று கூடவே போனதில் கொஞ்சம் புரதம் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கு எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு சின்ன காபி டம்ளர் கொள்ளளவு. எடை குறைப்பு ஆபரேஷனில் இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி நேராகக் குடலோடு இணைப்பது; இதய பைபாஸ் அல்ல) செய்தவர்களுக்கு அதைவிடவும் சிறியது. அந்த டம்ளரை அரிசி மாவால் நிரப்பினால் வேறு எதற்கும் இடம் இல்லை. புரதம் வராவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். எடை இறங்கும்தான். இறங்கியது கொழுப்பா தசையா என்று எடை மெஷின் சொல்லாது. "வாரா வாரம் குறையுது மேடம்" என்று சந்தோஷமாகச் சொல்கிறவரின் கையைப் பிடித்துப் பார்த்தால் பிடியில் வலுவே இருக்காது. அதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். என்னிடம் வருகிற ஒவ்வொருவரையும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்வதும் அதனால்தான்.

"அப்ப இட்லியே குடுக்கக்கூடாதா?" என்று அந்த மாமியார் கேட்டார். கொடுங்கள் அம்மா. ஆனால் முட்டைக்குப் பிறகு கொடுங்கள். முதல் நாலைந்து வாய் புரதம், அப்புறம் காய், இடம் மிச்சமிருந்தால் இட்லியோ சாதமோ. நம் தட்டில் நடுவில் சாதமும் ஓரத்தில் தொட்டுக்கையும் இருக்கும். அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

ஒரு நாளைக்கு 60 கிராம் என்றால் மலைக்க வேண்டாம். காலையில் ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளைக்கருவும் சேர்த்தால் 10 கிராம். மதியம் வஞ்சிரமோ சங்கராவோ முள் நீக்கிய மீன் 60 கிராம், அதில் 12. சாயங்காலம் அரை கப் சுண்டல், அதில் 6. ராத்திரி 50 கிராம் பனீரில் 9. இடையில் ஒரு டம்ளர் பாலோ தயிரோ, 6. மிச்சத்துக்குப் புரதப் பவுடர் ஒரு கரண்டி. பவுடரைப் பாடி பில்டர்கள் சாப்பிடுவது என்று ஒதுக்காதீர்கள்; இவர்களுக்கு அது தேவை. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சைவம் என்றால் கொஞ்சம் கூடுதலாகத் திட்டம் போட வேண்டும். பருப்புத் தண்ணீர் பருப்பு ஆகாது. வடித்த தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பருப்பு கொடுத்தேன் என்று சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

"கறி சாப்பிட்டா அடைக்குது மேடம், அதான் இட்லிக்கே போயிட்டோம்." இது அடுத்த பதில். அடைப்பது உண்மைதான். நெஞ்சுக்கு நடுவில் கல் மாதிரி நிற்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், கடைசியில் நுரை நுரையாக வாந்தி வரும். எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் டிவி பார்த்துக்கொண்டோ, ஆபீஸ் கிளம்பும் அவசரத்திலோ, காய்ந்த சிக்கன் துண்டை நாலு கடி கடித்து விழுங்கியிருப்பார்கள். டீஸ்பூனால் சாப்பிடுங்கள். ஒரு வாயை இருபது தடவைக்கு மேல் மெல்லுங்கள். விழுங்கிய பிறகு ஸ்பூனைக் கீழே வையுங்கள். ஒரு வேளைக்கு இருபது, முப்பது நிமிடம் ஆகட்டும். சிக்கனைக் கொத்திக் குழம்போடு ஈரமாகச் சமையுங்கள். பரோட்டா, பிரெட், கெட்டி தோசை, அவல் இவையெல்லாம் பசை மாதிரி ஒட்டும்; ஆரம்ப மாதங்களில் வேண்டாம். போதும் என்று தோன்றிய பிறகு "வீணாப் போகுதே" என்று ஒரு வாய்கூட உள்ளே தள்ளாதீர்கள். மெதுவாக மென்று சாப்பிட்டும் அடைப்பு தொடர்ந்தால் டாக்டரிடம் வாருங்கள். சிலருக்கு உணவு இறங்குகிற வழி சுருங்கியிருக்கும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

கறி அடைக்கிறது என்று பயந்தவருக்கு எது இறங்குகிறது தெரியுமா? டீயில் நனைத்த பிஸ்கட், முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம். இவை வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. ஒரு மணி நேரத்தில் ஒரு பாக்கெட் காலியாகும். முதல் வருடம் பசி குறைவாக இருக்கும், அதனால் இது வெளியே தெரியாது. ஒன்றரை, இரண்டு வருடத்தில் பசி மெல்லத் திரும்பும்போது எடை ஏற ஆரம்பிக்கும். ரத்தத்தில் சத்து இருக்காது, எடை மட்டும் ஏறும். அப்போது "ஆபரேஷன் ஃபெயில் ஆயிடுச்சு" என்று வருவார்கள். கஞ்சியில் தொடங்கி பிஸ்கட்டில் முடிகிற இந்த வழியை எத்தனையோ பேரிடம் பார்த்தாகிவிட்டது.

தண்ணீர் விஷயத்திலும் பழக்கத்தை மாற்ற வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சொம்பு வைக்காதீர்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கடைசியில் ஒரு டம்ளர் மோர், ரசம் என்று குடிப்பதும் இதில் சேர்த்தி. ஆனால் நாள் முழுக்க வாய் வாயாக ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும்.

பாயசம், ஜாங்கிரி, சர்க்கரை தூக்கலான ஜூஸ் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் அது பெரும்பாலும் மாரடைப்போ திருஷ்டியோ அல்ல. இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கியதன் விளைவு. பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் இனிப்பு கொடுத்துதான் ஆக வேண்டும். ஆனால் தினமும் அப்படியே சமாளிக்காமல் எங்களிடம் சொல்லுங்கள், சாப்பாட்டை மாற்றியே பெரும்பாலும் சரி செய்யலாம்.

உறவுக்காரர்களிடம் ஒரு கெஞ்சல். பந்தியில் இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன கொறிக்கிற, நல்லா சாப்பிடு" என்று இலையில் வைக்காதீர்கள். "எலும்பும் தோலுமா ஆயிட்டியே, குண்டா இருந்தப்பவே நல்லா இருந்த" என்று சொல்லாதீர்கள். சதை தொங்குவதையும் முகம் வாடியதையும் அவர்கள் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிலர் இந்தப் பேச்சுக்குப் பயந்தே கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார்கள்.

இப்போது சத்து மாத்திரை. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுகிறோம், வாயால் சொல்கிறோம், போனிலும் சொல்கிறோம். "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். பி12 வைட்டமின் கல்லீரலில் வருடக்கணக்கில் சேமிப்பில் இருக்கும். அந்தச் சேமிப்பு தீரும்வரை நன்றாகத்தான் இருப்பீர்கள். தீர்ந்த பிறகு கால் மரத்துப்போய், நடை தடுமாறி வருகிறவர்களுக்கு ஊசி போட்டாலும் சில நேரம் முழுதாகத் திரும்புவதில்லை. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள். கால்சியம் சிட்ரேட் என்று எழுதியிருந்தால் மருந்துக் கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கார்பனேட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். வயிற்றில் அமிலம் குறைந்தவர்களுக்கு அது சரியாகச் சேராது. மாதவிடாய் உள்ள பெண்கள் இரும்பை ஒரு நாளும் விடக்கூடாது. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. முடி கொட்டுவது மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பலருக்கும் கொஞ்சம் உண்டு, பெரும்பாலும் தானாக நிற்கும். எட்டு மாதம் ஆகியும் நிற்கவில்லை என்றால் எண்ணெயை மாற்றாதீர்கள், இரும்பையும் புரதத்தையும் பாருங்கள்.

மூட்டு வலி, தலைவலி என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்குத் தையல் போட்ட இடத்தில் புண் வந்து ரத்தம் கசியலாம். சிகரெட்டும் அதையே செய்யும். மதுவும் வேண்டாம், முன்பைவிடச் சீக்கிரம் ஏறும், அடிமையாகும் ஆபத்தும் கூடுதல்.

இளம் பெண்களுக்கு ஒரு விஷயம். எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகும், பல வருடம் நிற்காத கரு சட்டென்று நின்றுவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப் போடுங்கள். பைபாஸ் என்றால் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், வேறு முறை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பம் ஆன பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிற சர்க்கரைப் பரிசோதனை வரும். பைபாஸ் செய்த பெண் அதைக் குடித்து லேப் வாசலிலேயே சுருண்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். குடிப்பதற்கு முன்பே ஆபரேஷனைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்க்கிற மாற்று வழி இருக்கிறது.

எனக்கு மிகவும் பயம் தருவது வாந்திதான். இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். பி1 வைட்டமினான தயாமின் உடம்பில் இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். அது தீர்ந்தவருக்குப் பக்கத்துக் கிளினிக்கில் "களைப்பா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்திடலாம்" என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கண் இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். சிலருக்கு ஞாபக மறதி நிரந்தரமாகத் தங்கிவிடும். ஒரு தயாமின் ஊசியை முதலில் போட்டால் தடுக்கக்கூடிய விபத்து இது. இதைப் படிக்கிற டாக்டர்களும் நர்ஸ்களும் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

நோயாளிகள் ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்: "எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர். ஸ்லீவ் அல்லது பைபாஸ், செய்த தேதி. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் போடவும். டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை வேண்டாம்." கீழே உங்கள் சர்ஜனின் போன் நம்பர். இன்னொரு பிரதியை வீட்டில் உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவரிடம் கொடுங்கள். உங்களால் பேச முடியாத நேரத்தில் டாக்டரிடம் பேசப்போகிறவர் அவர்தான்.