குரோம் பட்டையில் உப்புக் கறை: எப்படி வருகிறது, எப்படிப் போக்குவது

போர் தண்ணீரில் காரைக் கழுவி வெயிலில் அப்படியே விட்டுவிட்டால், முதலில் காட்டிக்கொடுப்பது குரோம்தான். கிரில்லிலும் கதவுக் கைப்பிடியிலும் ஜன்னலுக்குக் கீழே ஓடும் பட்டையிலும் சின்னச் சின்ன வெள்ளை வளையங்கள் தெரியும். வெள்ளை பெயின்ட்டில் அதே வளையங்கள் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. குரோம் கண்ணாடி மாதிரி ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. அதன் மேல் படிந்த தூள் ஒளியை நாலா பக்கமும் சிதறடிப்பதால், மெல்லிய படிவுகூட பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது.

இதைப் போக்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வினிகர் என்பார் ஒருவர், பற்பசை என்பார் இன்னொருவர், பாத்ரூம் ஆசிட்டைத் தொட்டுத் துடைத்தால் போதும் என்பவரும் உண்டு. இவற்றில் ஒன்று நல்ல மருந்து, ஒன்று பட்டையையே தின்றுவிடும். எதை எங்கே தொடலாம் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: அந்த வெள்ளையில் என்ன இருக்கிறது, அதற்கு அடியில் எந்த உலோகம் இருக்கிறது.

முதலில் தண்ணீர். மழைநீரில் தாது உப்பு அநேகமாக இல்லை. அது மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலும் மண்ணிலும் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து கால்சியம் பைகார்பனேட்டாக எடுத்துக்கொள்கிறது. போர் ஆழமாகப் போகப்போக, தண்ணீர் பாறையோடு கிடந்த காலமும் பொதுவாக அதிகம். அதனால் உப்பும் அதிகம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. நம் ஊர்ப் பக்கம் அந்த 600-ஐத் தாண்டும் போர்கள் எத்தனையோ உண்டு. கோவையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். காட்டு மழை நீரான சிறுவாணித் தண்ணீரில் கழுவிய காரில் கறை லேசாக இருக்கும். அதே தெருவில் போர் தண்ணீரில் கழுவிய காரில் அடுத்த நாளே வெள்ளை பூத்துவிடும்.

இனி ஒரு சொட்டை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். குரோம் பட்டையில் ஒரு துளி நிற்கிறது. அளவு சுமார் 0.05 மில்லிலிட்டர். தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்றால் அந்தத் துளிக்குள் 0.05 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. துளியின் ஓரம் உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. காயக் காய உள்ளே சுருங்குவதில்லை. ஓரத்தில் படலம் மெலிதாக இருப்பதால் அங்கேதான் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, போகும்போது தன்னில் உள்ளதையும் இழுத்துக்கொண்டு போகிறது. கடைசியில் நடுவில் லேசான மங்கலும் ஓரத்தில் தடித்த வளையமும் மிஞ்சுகின்றன. டபராவில் காபி காய்ந்து வளையமாக ஒட்டிக்கொள்வதும் இப்படித்தான். 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ஓட்டத்தை அளந்து விளக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளே காபிக் கறைதான்.

இதே நேரத்தில் துளிக்குள் வேதிமாற்றமும் நடக்கிறது. கால்சியம் பைகார்பனேட் தண்ணீரில் கரைந்த நிலையில் மட்டுமே இருக்கக்கூடியது. தண்ணீர் குறைந்து கார்பன் டை ஆக்சைடு காற்றோடு போனதும் அது கால்சியம் கார்பனேட்டாகிவிடும், அதாவது சுண்ணாம்புக்கல்லாக. இது ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் பதினைந்து மில்லிகிராம் அளவுக்குக்கூடச் சரியாகக் கரையாது. பைப்பைத் திறந்து எவ்வளவு அடித்தாலும் வளையம் அசையாமல் நிற்பது இதனால்தான். பெரும்பாலான பொருள்கள் சூட்டில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட் அதற்கு நேர்மாறு, சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். வெயிலில் நின்ற காரின் பட்டை கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதன் மேல் தண்ணீர் பட்டால் ஆவியாவதும் வேகம், படிவதும் வேகம்.

வளையம் முழுவதும் சுண்ணாம்பு என்றால் வேலை சுலபம். ஆனால் போர் தண்ணீரில் வேறு சிலதும் உண்டு. சாதாரண உப்பு கழுவினாலே போய்விடும். ஆனால் ஈரத்தோடு ஒட்டிக்கிடந்தால் அதிலுள்ள குளோரைடு உலோகத்தில் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், வினிகருக்கு எளிதில் அசையாது. எல்லாவற்றையும்விடப் பிடிவாதமானது சிலிகா. கருங்கல் பாறை உள்ள பகுதிகளின் நிலத்தடி நீரில் இது கரைந்தே இருக்கும். காய்ந்து கெட்டியான பிறகு வீட்டில் உள்ள எந்த அமிலத்துக்கும் கரையாது, பாலிஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் தட்டுத்தட்டாகப் படிந்த கறையில் இவை எல்லாம் கலந்து கிடக்கும். நேற்றைய கறை இரண்டு நிமிடத்தில் போவதும், போன வருடக் கறை பாதி போய் பாதி நிற்பதும் இதனால்.

அமிலத்துக்கு வருவோம். சுண்ணாம்பின் மேல் வினிகர் பட்டால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வெளியேறி கால்சியம் அசிடேட் உண்டாகிறது. அது தண்ணீரில் தாராளமாகக் கரையும், துடைத்தால் போய்விடும். பட்டையில் உள்ள மெல்லிய வளையத்தில் நுரை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் ஒட்டிய வெள்ளையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், குமிழ் குமிழாக எழும்.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய நமக்கு, இங்கேயும் புளியைத் தேடத் தோன்றும். புளி செம்பின் மேல் படியும் களிம்பை நன்றாக எடுக்கும். சுண்ணாம்புக்கு அது சரிப்பட்டு வராது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாக்கும் கால்சியம் டார்ட்ரேட் தானே சரியாகக் கரையாத வெள்ளைத் தூள். எலுமிச்சையின் சிட்ரேட்டும் குறைவாகக் கரைவதுதான். ஆனால் சாறு தாராளமாக இருந்தால் கறை போகும். ஆகவே என் ஓட்டு வினிகருக்கு. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதும். அதில் அசிட்டிக் அமிலம் 4 முதல் 5 சதவீதம்தான் இருக்கும்.

கையில் வினிகரை எடுப்பதற்கு முன் பட்டை எந்த உலோகம் என்று பார்த்துவிடுங்கள். நாம் எல்லாவற்றையும் குரோம் என்றே சொல்கிறோம். ஆனால் கிரில்லும் லோகோவும் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேல் செம்பு, நிக்கல், கடைசியாக குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம் பூசியிருப்பார்கள். மேலே உள்ள குரோமியம் அரை மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரப் பட்டை சில கார்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சிலவற்றில் அனோடைஸ் செய்த அலுமினியம். ரூஃப் ரெயில்களில் அலுமினியம் சகஜம். ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது ஸ்டீல். ஒட்டாமல், தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வந்து, தொட்டால் சில்லென்று இல்லாவிட்டால் முலாம் பூசிய பிளாஸ்டிக். ஒட்டாமல் சில்லென்று இருந்து, பளபளப்பில் கொஞ்சம் மென்மை தெரிந்தால் அலுமினியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் வகையும் இருப்பதால், சந்தேகம் வந்தால் அலுமினியம் என்றே வைத்துக்கொண்டு நடப்பது பத்திரம்.

அலுமினியத்துக்கு ஏன் இந்தத் தனிக் கவனம்? அனோடைஸ் செய்யும்போது அதன் மேல் சில மைக்ரான் தடிமனுக்கு அலுமினியம் ஆக்சைடு வளர்க்கப்படுகிறது. அதுதான் கவசம். அந்தக் கவசம் பிஎச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4-லிருந்து 9 வரை நிம்மதியாக இருக்கும். அதற்கு அப்பால் அமிலமும் அரிக்கும், காரம் அதைவிட மோசமாக அரிக்கும். நல்ல காரமான வாஷிங் கெமிக்கலை வெயிலில் அடித்துக் காயவிட்டால் கவசம் கரைந்து, பால் வடிந்தது போல வெளிறிய திட்டுகளும் கோடுகளும் விழும். பார்க்க உப்புக் கறை போலவே இருக்கும். ஆனால் அங்கே மேலே எதுவும் படியவில்லை, உலோகத்தின் தோல் போயிருக்கிறது. வினிகர் போட்டால் எதுவும் நடக்காது. மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும், கூடவே மிச்சமிருந்த கவசமும் போகும். சில மாதங்களில் முன்பைவிட மோசமாக மங்கும். அந்தப் பட்டையைக் கழற்றி மறுபடி அனோடைஸ் செய்யலாம், புதிதாக மாற்றலாம், அல்லது வினைல் ஒட்டி மறைக்கலாம். துடைத்துச் சரிசெய்ய வழி இல்லை. ஜெர்மன் கார்களில் இந்த வெளிறல் அதிகம் பேசப்படுவதற்குக் காரணம், அவற்றில் அனோடைஸ் பட்டைகள் அதிகம் என்பதே.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிறுத்துபவர்களுக்கு இன்னொரு வில்லன் உண்டு. மேலே ஸ்லாபில் கசிவு இருந்தால், கான்கிரீட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் சொட்டும். அதன் பிஎச் 12-ஐத் தாண்டலாம். சொட்டியதும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு கெட்டிச் சுண்ணாம்பாக ஒட்டும். ஸ்லாபிலிருந்து தொங்கும் வெள்ளைக் குச்சிகளும் இப்படி வளர்ந்தவைதான். இந்தச் சொட்டு அலுமினியத்தில் விழுந்தால் அரிப்பும் படிவும் ஒரே இடத்தில் நடக்கும். பெயின்ட்டையும் விடாது. கண்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, முதல் வேலையாகக் காரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம் என்று இங்கே அழுத்திச் சொல்கிறேன். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பை நொடியில் கரைக்கும், உண்மைதான். குரோமியத்தையும் அதே அமிலம் கரைக்கும். அரை மைக்ரான் போனதும் அடியில் உள்ள நிக்கலின் மஞ்சள் சாயல் எட்டிப் பார்க்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் குளோரைடு குழி பறிக்கும். தேங்காய் நாரும் ஸ்டீல் ஸ்க்ரப்பரும் இதே ரகம்: கறையைவிடப் பட்டையில்தான் அதிகம் கீறும்.

சரி, செய்முறை. நிழலில், பட்டை ஆறிய பிறகு, ஷாம்பூ போட்டுப் புழுதியைக் கழுவிவிடுங்கள். புழுதியோடு தேய்த்தால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பருத்தித் துணியை நனைத்துப் பட்டையின் மேல் ஒட்டிவிடுங்கள். குரோமிலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் இரண்டு மூன்று நிமிடம் இருக்கலாம். அலுமினியத்தில் ஒரு நிமிடம் போதும்; அது அசிட்டிக் அமிலத்தை ஓரளவு தாங்கும் என்றாலும் நேரத்தை நீட்டிக்க வேண்டாம். வினிகர் காய்வதற்குள் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, உடனே உலர்த்துங்கள். கறை பாதி போயிருந்தால் இன்னொரு முறை செய்யலாம். இரண்டாம் முறையும் அசையாவிட்டால் அது சிலிகாவோ ஜிப்சமோதான். குரோமுக்கான மென்மையான பாலிஷை மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு, அழுத்தாமல் தேய்த்து எடுக்க வேண்டும். அனோடைஸ் பட்டையில் பாலிஷ் கூடாது. கார் மார்பிள் அல்லது கடப்பா தளத்தில் நின்றால், வினிகர் தரையில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இருப்பது அதே சுண்ணாம்பு, தரையும் அரிக்கும்.

வராமல் தடுப்பதில் துடைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. கழுவிய காரில் ஒரு டம்ளர் தண்ணீர், 200 மில்லிலிட்டர், தங்குகிறது என்று வையுங்கள். டிடிஎஸ் 1000 என்றால் அதில் 0.2 கிராம் உப்பு. துண்டில் ஒற்றி எடுத்தால் அந்த உப்பும் துண்டோடு போய்விடும். காயவிட்டால் முழுவதும் காரில்தான் நிற்கும்.

கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு மிகக் குறைவு. ராத்திரி ஒரு வாளி வைத்தால் சென்னை போன்ற ஈரமான ஊரில் காலைக்குள் சில லிட்டர் சேர்ந்துவிடும். துணியில் வடிகட்டி, குரோம் பட்டைகளுக்கும் கண்ணாடிக்கும் கடைசியாக ஊற்றலாம். மழைநீர்த் தொட்டி இருப்பவர்களுக்கு அதுவும் சரி. இதற்கு நேர் எதிர் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர். வீணாகிறதே என்று அதைப் பிடித்துக் கார் கழுவுகிறவர்களின் நல்ல எண்ணம் புரிகிறது. ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. அதை வாசல் கழுவவும் துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

வாக்ஸோ சீலன்ட்டோ பூசினால் தண்ணீர் பரவாமல் உருண்டு நிற்கும், பெரும்பகுதி வழிந்துவிடும், படிந்தாலும் உலோகத்தில் அவ்வளவு இறுகாது. ஆனால் உருண்டு நின்ற துளிகளை வெயிலில் விட்டால் சின்ன, தடித்த வளையங்கள் வரும். அதனால் பூசிய காரையும் துடைக்கத்தான் வேண்டும். ஹோஸின் நாசிலைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து மெதுவாகத் தண்ணீரை ஓடவிடுங்கள். துளித்துளியாக நிற்காமல் ஒரே படலமாக வழியும். அப்புறம் மிரர் கவரின் இடுக்கிலும் ஜன்னல் ரப்பருக்குள்ளும் தண்ணீர் ஒளிந்திருக்கும், பத்து நிமிடம் கழித்து மெதுவாகப் பட்டையில் வடியும். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து அந்த இடங்களை மட்டும் இன்னொரு முறை துடையுங்கள்.