உணரி: சென்சருக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

கொழும்பில் கணினி திருத்தக் கொடுத்தவர்களுக்கு இந்தப் பதில் பழக்கமாக இருக்கும்: "சென்சர் பிழை அண்ணா, போட்டை மாத்த வேணும்." சிலவேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் சென்சர் என்று எதைச் சொல்கிறோம் என்பது பிடிபட்டால், போட்டுக்கு, அதாவது மதர்போட்டுக்கு, காசு கட்டுவதற்கு முன் பார்க்கவேண்டிய இடங்கள் வேறு பல இருப்பதும் தெரியவரும்.

உணர்தல் என்று பொருள்படும் 'சென்டீரே' என்ற இலத்தீன் வினைதான் சென்சருக்கு வேர். படங்களுக்குக் கத்தரி போடும் தணிக்கைக்கும் தமிழ் எழுத்தில் சென்சர், சென்சார் என்றுதான் எழுதுகிறோம். அதற்கு வேர் வேறு, மதிப்பிடுதல் என்ற பொருளுள்ள 'சென்சேரே'. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும், தமிழில் அதுவும் இல்லை. இந்த ஒரு காரணமே தமிழ்ச் சொல்லைத் தேடப் போதும்.

அந்தச் சொல் உணரி. உணர் என்ற வினையோடு, அதைச் செய்வதைக் குறிக்கும் இகரம் சேர்ந்தது. சினத்துக்கு வள்ளுவர் சூட்டிய 'சேர்ந்தாரைக்கொல்லி' (குறள் 306) முதல் வழிகாட்டி, ஒலிபெருக்கி வரை இருப்பது இதே இகரம்தான். உணர்வி என்றும் சிலர் எழுதுகிறார்கள். செய்வி என்றால் செய்யவை என்பதுபோல, உணர்வி என்றால் பிறரை உணரவை என்ற பொருளும் வந்துவிடும். உணர்கருவி தவறில்லை, கொஞ்சம் நீளம். வெப்ப உணரி, அசைவு உணரி என்று ஒட்டிப் பேசவும் உணரியே வசதி.

இங்கே ஒன்றைப் பிரித்து வைக்க வேண்டும். உணரி வேறு, மானி வேறு. அளவைக் குறிக்கும் 'மானம்' என்ற வடசொல்லிலிருந்து வந்த மானி, வெப்பமானியைப் போல, எண்ணாகவே அளவைச் சொல்லும். உணரிக்கு எண் தெரியாது. சூட்டுக்கு ஏற்பத் தன் மின் இயல்பு மாறும், அவ்வளவுதான். கணினிக்குள் இருக்கும் டயோட்டு உணரியில், மின்னோட்டம் மாறாமல் இருக்கும்போது ஒரு பாகை சூடு ஏறினால் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். அதை எண்ணாக்குவது போட்டில் உள்ள கண்காணிப்புச் சில்லு, அல்லது கணினியின் மூளையான சிபியுவே. கணினியை இயக்குவது லினக்ஸ் என்றால், அந்த எண்ணை வாங்கி வருவது அதன் டிரைவர், வன்பொருளோடு பேசும் நிரல். கட்டளை அடிக்கும் முனையத்தில் 'சென்சர்ஸ்' என்று அடித்தால் வரும் பட்டியல் இத்தனை கை மாறி வந்தது. எனவே எண் பிழை என்றால் உணரி பிழை என்று உடனே முடிவுகட்ட முடியாது.

நல்ல உதாரணம் 127. பட்டியலில் சிபியு 48 பாகை என்றிருக்கும், இரண்டு வரி தள்ளி ஏதோ ஒன்று 127 பாகை என்று நிற்கும். பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போடும். கண்காணிப்புச் சில்லில் பல உணரிகளை இணைக்க இடம் உண்டு, போட் செய்பவர் தேவையானவற்றுக்கு மட்டும் கம்பி கொடுப்பார். மிச்ச இடங்களும் பட்டியலில் வரும். எட்டு பிட்டில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127, ஆகவே வெறும் இணைப்பு பெரும்பாலும் அதையே காட்டும். சிலவேளை −128 காட்டும். அங்கே பழுதாவதற்கு உணரியே கிடையாது. அமைப்புக் கோப்பில் 'இக்னோர்' என்று ஒரு வரி எழுதினால் பட்டியலிலிருந்து போய்விடும்.

ஏஎம்டியின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் என்ற சிபியுக்களில் கதை வேறு. விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மைச் சூட்டோடு 20 பாகை கூட்டிய ஓர் எண்ணையும் அவை வெளியே தருகின்றன. உணரி சரி, எண்ணும் வேண்டுமென்றே கூட்டப்பட்டது. எந்த வரியைப் பார்க்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

பட்டியலில் விசிறியே வராவிட்டால், பெரும்பாலும் டிரைவர் ஏறவில்லை. 'சென்சர்ஸ்-டிடெக்ட்' ஓட்டினால் எந்த டிரைவர் வேண்டும் என்று சொல்லும்.

விசிறி என்பதிலும் அதே இகரம்தான். வலை விசிறுகிறோமே, அந்த விசிறு. ஆங்கிலத்தின் ஃபேன் 'வன்னுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அது தானியம் புடைக்கும் கூடை, நம் ஊர்ச் சுளகு. கணினி விசிறிக்குள்ளும் ஓர் உணரி இருக்கிறது, காந்தப்புலத்தை உணர்வது. வழக்கமான விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். நொடிக்கு 40 துடிப்பு வந்தால் நிமிடத்துக்கு 1200 சுற்று. விசிறி கண்ணெதிரே சுழல, திரையில் 0 என்றிருந்தால் மூன்றாவது கம்பியைப் பாருங்கள், துடிப்பு வருவது அதன் வழியாகத்தான். வெள்ளவத்தையில் கடலோரமாக இருப்பவர்கள் இணைப்பு ஊசிகளில் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது, உப்புக்காற்று உலோகத்தை விட்டுவைக்காது. விசிறிதான் பழுது என்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போய் நாலு ஊசி விசிறியாகக் கேட்டு வாங்குங்கள். நாலாவது கம்பிதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டளையைக் கொண்டுபோவது.

அந்தக் கட்டளை லினக்ஸில் 0 முதல் 255 வரையான ஓர் எண். 'பிடபிள்யூஎம்கான்ஃபிக்' என்ற நிரல் எந்த உணரிக்கு எந்த விசிறி என்று கேட்டுக் கோப்பு எழுதித் தர, 'ஃபேன்கன்ட்ரோல்' என்ற இன்னொரு நிரல் அதன்படி விசிறியை நடத்தும். லினக்ஸின் உட்கருவான கெர்னல் மாறியபின் ஃபேன்கன்ட்ரோல் கிளம்ப மறுத்தால், சில்லுக்கு லினக்ஸ் கொடுக்கும் வரிசை எண் மாறியிருக்கலாம். கோப்பைத் திரும்ப எழுதினால் சரி. அப்படி எழுதும்போது, எத்தனை பாகைக்குக் கீழே விசிறி மெதுவாகச் சுழலலாம் என்று நிரல் கேட்கும். வெறுமனே என்டரைத் தட்டினால் 20 என்று எடுத்துக்கொள்ளும். ஏசி இல்லாத கொழும்பு வீட்டில் பகலில் அறையே 30 பாகையைத் தொடும், எந்த விசிறியாலும் சிபியுவை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. 20 என்றே விட்டால் சும்மா கிடக்கும் கணினியிலும் விசிறி ஓயாது. இங்கே 40 அல்லது 45 கொடுங்கள்.